கோடு இல்லாத நாள்

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. நிறுத்தினான். பல் தேய்த்தான். அடுப்பில் பாலை வைத்து, பொங்கும்வரை பக்கத்திலேயே நின்றான். ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். கொடியிலிருந்து சாம்பல் நிறச் சட்டையை எடுத்துப் போட்டான். எத்தனை முறை அலசினாலும் அதன் தையல் இடுக்குகளில் வெள்ளை மாவு ஒட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் பூட்ஸை வாசலில் தலைகீழாகத் தட்டி, காலை நுழைத்தான்.

நாற்பத்திரண்டு நாளாக இதே வரிசைதான். சட்டை வரைக்கும் வருவான், நாற்காலியில் உட்கார்வான், வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கும்வரை அங்கேயே இருப்பான். இன்றைக்கு பூட்ஸ் கூடுதல். பாக்கெட்டில் ஒரு ஸ்குரூ டிரைவரும் கூடுதல்.

முந்தின நாள் மத்தியானம் மச்சான் போன் செய்திருந்தார். மனைவியின் அண்ணன். ஷெட் அவருடையது, கல் வாங்குவது, ஆர்டர் பிடிப்பது, முன்கோபம் எல்லாம் அவர் பொறுப்பு.

"மாப்ள, ஷெட்டத் தொறந்துட்டேன். மூணு நாளாச்சு. எவ்வளவு நாளைக்குப் பூட்டி வைக்கிறது சொல்லு. புது மெஷின் வாங்கியாச்சு, வயரும் புதுசு. வெட்டுறத நான் சமாளிச்சுக்கிறேன். துளை போடத்தான் கை நடுங்குது. நீ வந்தாத்தான் ஆகும்."

"தண்ணி யாரு ஊத்துறா?"

"உங்க அக்காதான். வேற யாரு இருக்கா?"

மச்சானின் மனைவியை அவன் அக்கா என்று கூப்பிடுவான். போனை வைக்குமுன், சுவிட்ச் பலகையை யாராவது திறந்து பார்த்தார்களா என்று கேட்க வாய் எடுத்தான். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். கேட்கவில்லை.

அந்தப் பலகைக்குள் இருப்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அதை அங்கே வைத்த ஆளுக்கு.

ஷெட்டில் அவர்கள் அறுத்தது மாக்கல். பிள்ளைகள் எழுதுகிற பலப்பம் அந்தக் கல்தான். நகத்தால் கீறினால் கோடு விழும். அறுப்பதற்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், அதுதான் வினை. உலர அறுத்தால் பத்தே நிமிடத்தில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. அந்த மாவு முகப்பவுடரைவிட நைசு; கண்ணிமையில் உட்காரும், மூக்கில் உட்காரும், உள்ளே போய்விட்டால் வெளியே வராது. அதனால் எப்போதும் ஈரத்தில்தான் வேலை. ஒருவர் அறுப்பார். இன்னொருவர், மூடியில் மூன்று ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலால் பிளேடு கல்லைத் தொடுகிற இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார். அறுக்கிறவருக்கு இரண்டு கையும் மெஷினில் இருக்க வேண்டும். ஆகவே தண்ணீர் ஊற்றுகிறவர்தான் மறு கையால் வயரைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும்.

இரண்டு வருஷம் அந்தப் பாட்டில் அவன் மனைவியின் கையில் இருந்தது.

சட்டம் பேசுவது அவள்தான். மாஸ்க் போடாமல் அவள் அண்ணன் மெஷினைத் தொட்டால் பாட்டிலை அவர் தலையிலேயே கவிழ்ப்பாள். துளை போடும்போது கல்லுக்கு அடியில் மரப்பலகை இல்லையென்றால் நகர மாட்டாள். பலகை இல்லாவிட்டால் துளை அடியில் வெடித்துக்கொண்டு வரும். துளை போட வேண்டிய இடத்தில் மஞ்சள் காகித டேப் ஒட்டி அதன்மேல் புள்ளி வைத்தால் டிரில்லின் பிட் வழுக்காது என்று கண்டுபிடித்தவன் அவன். அதற்கு மட்டும் அவள் மார்க் போட்டாள். "பரவாயில்ல டிகிரி, காலேஜுக்குப் போனதுக்கு இதாவது மிஞ்சிச்சே."

அவன் இயற்பியல் பட்டதாரி. வேலை கிடைக்காமல் மச்சானின் ஷெட்டுக்கு வந்தவன். டிகிரி என்று அவனைக் கூப்பிட்டது அவள் ஒருத்தி மட்டும்தான்.

டிரிப்பரை மாட்ட வைத்ததும் அவள்தான். கதவுக்குப் பின்னால், பலகையில், கட்டைவிரல் அகலத்தில் ஒரு சுவிட்ச். மின்சாரம் எங்கேயாவது கசிந்தால் ஆளைத் தொடுவதற்குள் தானாக விழுந்து இணைப்பைத் துண்டித்துவிடும். "தண்ணியில நின்னுக்கிட்டு கரண்டுல வேலை பாக்குறோம், இது இல்லாம நான் உள்ளயே வரமாட்டேன்" என்று ஒரு மாதம் அண்ணனோடு பேசாமல் இருந்து சாதித்தாள்.

மாட்டிய பிறகு அது விழுந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் அவள் ஒரு மாக்கல் துண்டை எடுத்து, பலகைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு போட்டாள். தேதி, அதற்கு எதிரே கோடுகள். முதல் வருஷம் மாதத்துக்கு இரண்டு, மூன்று. கடைசி வாரத்தில் ஒரே நாளில் ஒன்பது.

அந்த வாரம் ஒரு விடுதிக்கு எட்டு கை கழுவும் தொட்டி கொடுக்க வேண்டியிருந்தது. தொட்டியின் அடியில் தண்ணீர் போகிற துளை போட்டுக்கொண்டிருக்கும்போது டிரிப்பர் விழுந்தது. வட்டப் பிட் கல்லுக்குள் பாதியில் நின்றது. உருவி எடுக்கும்போது துளையின் விளிம்பு பிஸ்கட் மாதிரி உடைந்தது. இரண்டு நாள் வேலை. மச்சான் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் நின்றார். அவர் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"ஈரத்துக்கு விழுது, வேற ஒண்ணுமில்ல" என்றான் அவன்.

"ஈரம் முதல் நாள்லேர்ந்து இருக்கு. இப்ப மட்டும் ஏன் ஒம்போது தடவை விழுது?" என்றாள் அவள். "எங்கயோ கசியுது. நாளைக்கு வயரப் பாரு."

சாயங்காலம் மச்சானும் அவளும் முதலில் கிளம்பிப் போனார்கள். அவன் இருந்தான். வயரைப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். முப்பது அடி வயர், எல்லாம் சேறு. அவன் பலகையைத் திறந்தான். உள்ளே வருகிற இரண்டு கம்பியையும் டிரிப்பரிலிருந்து கழற்றி, வெளியே போகிற இரண்டோடு நேராக முறுக்கினான். சுற்றுவதற்குக் கையில் இருந்தது மஞ்சள் காகித டேப்தான். எட்டு தொட்டி முடியும்வரை மட்டும், அப்புறம் பழையபடி மாட்டிவிடலாம். மூடியை மூடினான். வெளியிலிருந்து பார்த்தால் டிரிப்பர் எப்போதும்போல் நிமிர்ந்து நின்றது. ஒன்றோடும் இணையாத சுவிட்ச் விழாது.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

மறுநாள், கல்லின் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து தோல் பிளந்திருந்த இடத்தில், ஈரக் கையால் அவள் வயரைத் தூக்கினாள்.

மின்சார அலுவலகத்திலிருந்து வந்தவர் வயரைப் பார்த்தார். வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. வயர் பழசு, பழுது என்று எழுதிக்கொண்டு போனார். பலகையைத் திறக்க அவருக்குக் காரணம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை, அவள் அம்மா, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னய்யா சொன்னா, என்ன சொன்னா" என்று கேட்டார். "அம்மான்னு கூப்பிட்டா" என்றான். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். வந்தவர் போனவர் எல்லாரிடமும் அதைச் சொல்லித்தான் அழுதார்.

இவ்வளவும் அவன் தலைக்குள் வரிசையாக இருந்தது. அழுகை மட்டும் இல்லை. ஷெட்டுக்கு ஏழு மணிக்குப் போய்விட வேண்டும். அவர்கள் எட்டரைக்குத்தான் வருவார்கள். பத்து நிமிடத்தில் கம்பிகளைப் பழையபடி மாட்டி மூடிவிடலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

தெரு முனையிலேயே மெஷின் சத்தம் கேட்டது.

அவன் ஓடவில்லை. பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓட முடியாது. ஆனால் ஷெட்டை அடைந்தபோது மூச்சு வாங்கியது.

உள்ளே மச்சான் பலகைக்கல்மேல் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கியது. பிளேடு மூடி கழற்றி ஓரமாக வைத்திருந்தது. எதிரே அக்கா. வலது கையில் பாட்டில், இடது கையில் புது ஆரஞ்சு வயர். காலில் சாதாரண ரப்பர் செருப்பு. அதைச் சுற்றி வெள்ளைச் சேறு கணுக்கால்வரை. வயரின் மீதி பாகம் அறுத்த கல்லின் கூரான விளிம்பில் படுத்திருந்தது. மச்சான் மெஷினை அசைக்கும்போதெல்லாம் அது அந்த விளிம்பில் முன்னும் பின்னும் போய் வந்தது.

மச்சான் அவனைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். பிளேடு சுற்றி முடியுமுன்னே அதைக் கீழே வைத்தார்.

"வா மாப்ள. மெலிஞ்சுட்ட."

"சீக்கிரம் வந்துட்டீங்க."

"தூக்கம் எங்க வருது? வீட்ல முழிச்சுக் கெடக்குறதுக்கு இங்க வந்து கெடக்கலாம்னுதான்."

"மொதல்ல ஒரு வாய் டீ குடிக்கட்டும்" என்றாள் அக்கா. அவள் முகம் முழுக்க வெள்ளைப் புள்ளி. "எப்படிப்பா இருக்கேன்? மூணு நாள்ல மூணு வயசு கொறஞ்சுட்டேன்னு இவரு சொல்றாரு. பவுடர் செலவு மிச்சம்."

"நான் எங்க சொன்னேன்? பிசாசு மாதிரி இருக்கேன்னு சொன்னேன்."

"கல்யாணத்தன்னைக்கே சொன்ன ஆளுதானே நீங்க."

அவன் சிரிக்க வேண்டும் என்று நினைத்தான். சிரிப்பு வரவில்லை. கதவுக்குப் பின்னால் போனான். பலகை அப்படியே இருந்தது. டிரிப்பர் நிமிர்ந்து நின்றது. பக்கத்துச் சுவரில் அவள் கோடுகள். ஒன்பது கோடு போட்ட வரிசை. அதற்குக் கீழே அடுத்த நாள் தேதி. எதிரே வெறும் சுவர்.

டிரிப்பரின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டன் உண்டு. சோதித்துப் பார்ப்பதற்கு. அமுக்கினால் டிரிப்பர் விழ வேண்டும். விழுந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மாதத்துக்கு ஒருமுறை அவள் அமுக்குவாள். அவன் அமுக்கினான். விழவில்லை. விழாது என்று தெரிந்தும் இன்னொரு முறை அமுக்கினான்.

"என்ன மாப்ள நோண்டுற?" மச்சான் பின்னால் வந்து நின்றிருந்தார். "அது சமத்தா நிக்குது. மூணு நாளா ஒரு தடவைகூட விழல. புது மெஷின்னா புது மெஷின்தான். எல்லாம் அந்தப் பழைய வயரு பண்ண வேலை."

ஏறக்குறைய இதே வார்த்தைகளை இதே இடத்தில் அவன் கேட்டிருந்தான்.

"வயர் கல்லுமேல கெடக்கு மச்சான். அறுத்துடும்."

"புதுசுய்யா. ஒண்ணும் ஆகாது."

"நீங்க ரெண்டு பேரும் போய் டீ குடிச்சிட்டு வாங்களேன். நான் துளைக்குக் குறிச்சு வைக்கிறேன்."

"நல்ல கதையா இருக்கு, சேத்தோட என்னால தெருவுல நடக்க முடியாது" என்றாள் அக்கா. "அவரு போய் வாங்கிட்டு வரட்டும். நாம ஒரு துளையப் போட்டுருவோம். எனக்கும் பழகணும்ல."

"அதான் சரி" என்று மச்சான் கேனை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்றார். திரும்பாமலே சொன்னார். "மாப்ள, உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அந்தப் பழைய வயர நான்தான் வாங்கினேன். பழைய சாமான் கடையில. புதுசு வாங்கச் சொல்லி அவ நச்சரிச்சா. அடுத்த மாசம், அடுத்த மாசம்னேன். நாப்பத்திரண்டு நாளா சோத்துல கை வைக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருது. என் தங்கச்சிய நானே..." அவர் முடிக்கவில்லை. கேன் கம்பிப்பிடி கிணுகிணுத்துக்கொண்டே தெருவில் போனது.

அவன் பாக்கெட்டில் இருந்த ஸ்குரூ டிரைவரைத் தொட்டுப் பார்த்தான்.

இப்போது ஷெட்டில் இருவர். ஒருவன் பூட்ஸில். ஒருத்தி சேற்றில். அக்கா குழாயடிக்குப் போய்ப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தாள். தொட்டியைப் புரட்டிப் போட்டிருந்தது. அடியில் மரப்பலகை இல்லை. டிரில் மெஷின் மேஜைமேல் இருந்தது, வட்டப் பிட் மாட்டி. அதன் வயரும் அதே தண்ணீருக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

"எங்க ஊத்தணும்? பிட்டுமேலயா, பக்கத்துலயா?"

"அக்கா, கொஞ்சம் இருங்க."

"பக்கத்துலதானே? அவ சொல்லிக் குடுத்திருக்கா. பிட்டுமேல ஊத்தினா மெஷினுக்குள்ள போயிடும், பள்ளத்துல ஊத்தணும்னு. எல்லாம் ஞாபகம் இருக்கு." அவள் குனிந்தாள். "வயரையும் தரையில விடக் கூடாதுன்னு சொன்னா."

அவள் ஈரக் கை வயரை நோக்கிப் போனது.

புது வயர். அதில் வெடிப்பு இல்லை. இன்றைக்கு ஒன்றும் ஆகாது. அநேகமாக நாளைக்கும் ஆகாது. மச்சான் திரும்பி வந்த பிறகு ஏதாவது சாக்குச் சொல்லி இருவரையும் மத்தியானம் சாப்பிட அனுப்பிவிட்டு, அப்போது மாட்டலாம். அவன் மூளை அவ்வளவையும் ஒரு நொடியில் கணக்குப் போட்டுச் சொன்னது. அன்று சாயங்காலமும் அது இப்படித்தான் தெளிவாகக் கணக்குப் போட்டது.

அவன் கை மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தது.

விளக்கு அணைந்தது. மின்விசிறி தேய்ந்து நின்றது.

"கரண்டு போயிடுச்சா?"

"நான்தான் நிறுத்தினேன். அக்கா, சேத்துலேர்ந்து வெளிய வாங்க."

"என்னப்பா, உன் மூஞ்சியே சரியில்ல."

"வாங்கக்கா. தயவுசெஞ்சு."

அவள் வந்தாள். வாசல்படியில் ஏறி, ஒரு கையில் பாட்டிலோடு நின்று பார்த்தாள். அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். மூடியில் நான்கு திருகு. மூன்றாவது திருகு கையிலிருந்து நழுவி விழுந்தது, தேடவில்லை. நான்காவதைக் கழற்றும்போது கேன் சத்தம் திரும்பி வந்தது.

மச்சான் டீயோடு வந்து அக்காவைப் பார்த்தார், இருட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவன் மூடியை எடுத்தான்.

உள்ளே டிரிப்பர் தனியாக நின்றது. தலையிலும் காலிலும் கம்பி இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு இரண்டு முறுக்கு. இரண்டின் மீதும் மஞ்சள் காகித டேப்.

மச்சானுக்குக் கம்பி சமாச்சாரம் அதிகம் தெரியாது. ஆனால் இது புரிய அதிகம் தெரிய வேண்டியதில்லை. கேனைக் கல்லின்மேல் வைத்துவிட்டு நீண்ட நேரம் அந்த டேப்பையே பார்த்தார். அந்த டேப்பை ஷெட்டில் ஒரே ஒரு ஆள்தான் பயன்படுத்துவான்.

"மாட்டினவன் பண்ண வேலையா இது?" என்றார். குரல் மெதுவாக இருந்தது. "அந்த எலக்ட்ரீஷியன். அவன்தானே? அன்னைக்கே அவன் மூஞ்சி எனக்குப் பிடிக்கல. அவன்தானே மாப்ள?"

தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். அவர் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார் என்றுகூடத் தோன்றியது.

"நான்தான்."

"எப்ப?"

"அதுக்கு முந்தின நாள் சாயங்காலம். நீங்களும் அவளும் போன அப்புறம்."

அக்காவின் கையில் பாட்டில் சாய்ந்து, மூன்று ஓட்டை வழியாகவும் தண்ணீர் படியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

மச்சான் தலையை ஆட்டினார். ஏதோ விலாசம் கேட்டு, பதில் வாங்கிக்கொண்டவர்போல். பிறகு கை ஓங்கினார். ஓங்கிய கை எங்கே போவது என்று தெரியாமல் சுவரில் போய் ஊன்றியது. அவள் கோடுகளுக்குப் பக்கத்தில். கையை எடுத்தபோது உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கப் போனவர் துடைக்காமல் நிறுத்தினார்.

"வயரு பழசுதான் மச்சான்" என்றான் அவன். "ஆனா பழசுன்னு டிரிப்பர் ஒம்போது தடவை சொல்லிச்சு. நீங்க இல்ல. நான்தான் அதோட வாயக் கட்டினேன்."

"எதுவும் பேசாத."

அவன் ஸ்குரூ டிரைவரால் முதல் முறுக்கைப் பிரித்தான். டேப் ஈரத்தில் ஊறி, தொட்டதும் தனியாக வந்தது. கம்பியை நிமிர்த்தி, டிரிப்பரின் மேல் துளையில் விட்டு முறுக்கினான். இரண்டாவது. பிறகு கீழே இரண்டு. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான். மெயினை ஏற்றினான். விளக்கு வந்தது. சின்னப் பட்டனை அமுக்கினான்.

டப்பென்று டிரிப்பர் விழுந்தது. விளக்கு அணைந்தது.

மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவுதானா?" என்றார் மச்சான். "இது விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தா சுருக்குன்னு இருந்திருக்கும். கைய உதறியிருப்பா. என்னத் திட்டியிருப்பா."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கேனில் டீ ஆடை கட்டியது.

"எங்க அம்மாகிட்ட நீ சொல்லணும்" என்றார் மச்சான். "நான் சொல்லமாட்டேன். நீ வந்து, எதிர்ல உக்காந்து, சொல்லணும். கரண்டு ஆபீஸ்லயும் சொல்லணும்."

"சொல்றேன்."

"இன்னைக்கே."

"இன்னைக்கே."

மச்சான் கல்லின்மேல் உட்கார்ந்தார். வெள்ளை ஒட்டிய கையை முழங்கால்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அம்மான்னு கூப்பிட்டாளா?"

"இல்ல."

"அது பொய்யா?"

"அத்தை கேட்டாங்க. எதையாவது சொல்லணும்னு இருந்துச்சு."

"அப்ப என்னதான் சொன்னா?"

அவன் சுவரைப் பார்த்தான். அன்று பதினொன்றே கால் இருக்கும். நான்காவது தொட்டி. மச்சான் கல் வாங்கப் போயிருந்தார். மெஷின் நின்றிருந்தது, பிளேடு மட்டும் சுற்றித் தேய்ந்துகொண்டிருந்தது. அவள் காலையிலேயே தேதியை எழுதிவைத்துவிட்டு, எப்போதும்போல் மாக்கல் துண்டைக் காதில் செருகியிருந்தாள். அதைத் தொட்டுப் பார்த்தாள். சுவரைத் திரும்பிப் பார்த்தாள். வெறும் இடத்தைப் பார்த்து மாஸ்க்குக்கு மேலே அவள் கண் சிரித்தது. அவனும் பார்த்தான். அப்போது சொல்லியிருக்கலாம். அவள் வயரை எடுக்கக் குனிந்தாள். குனிந்துகொண்டே சொன்னாள்.

"டிகிரி, பாத்தியா? இன்னிக்கு ஒரு தடவைகூட விழல."